துத்தநாகத்துக்கு அடியில்

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு பழைய படகின் கியர் ஆயிலை வடித்தேன். பால் கூடிப்போன டீ மாதிரி வந்தது. கறுத்து வந்தால் புது ஆயிலை ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இப்படி வெளுத்து வந்தால் உள்ளே கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது, பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கடலைப் பார்க்க பஸ் ஏறித் திருச்செந்தூர் போகவேண்டிய ஊர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நானும் அந்த ஊர்க்காரன்தான். இருபத்தெட்டு வயதுவரை எனக்கும் இதெல்லாம் தெரியாது. சில படகுகளில் என்ஜின் உள்ளே, பின்கோடியில் இருக்கும். அதன் சுழற்சி படகின் பின்சுவரைக் கடந்து வெளியே வந்து, அங்கே தொங்கும் அலுமினியக் கூட்டுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் விசிறியைச் சுற்றும். ஸ்டெர்ன் டிரைவ் என்று பெயர். எங்கள் யார்டில் சுருக்கமாகக் ‘கால்’ என்போம். லாரியின் கியர்பாக்ஸையும், சுழலும் தண்டுகளை இணைக்கும் கிராஸையும் ஒன்றாகக் கட்டி உப்புத் தண்ணீருக்குள் நட்டு வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். இதைக் கண்டுபிடித்தவனுக்கு மூளை இருக்கிறதா என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்த ஆளின் புண்ணியத்தில்தான் ஒன்பது வருடமாக இந்த நாட்டில் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

சிட்னிக்கு வடக்கே, காரில் நாலு மணி நேரம் வந்தால், ஒரு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. அங்கே பிரையன் என்பவரின் படகுப் பட்டறையில் நான் மெக்கானிக். பள்ளிக்கூட மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தா என்று கூடப் படித்த நண்பன் கடிதம் போட்டிருந்தான். கங்காருவைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பான். எழுதவும் ஆரம்பித்தேன். அதற்குள் இந்தப் படகு வந்து சேர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால், செல்வி காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். செல்வி என் மனைவி. அந்த வட்டம் அவளுடைய அப்பாவின் மூன்றாவது வருஷத் திதி. வட்டத்தைப் பார்த்ததும் நான் கை கழுவப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு படகு ஆற்று முகத்தில் நின்றுபோனதற்கு என் மாமனார்தான் காரணம் என்று நான் ஊர் பார்க்கச் சொன்னது அது. அவர் அந்தப் பழியோடுதான் செத்துப்போனார்.

2

நான் செட்டியார்பட்டிக்காரன். எண்பதுகளின் தொடக்கம்வரை ராஜபாளையத்தில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேலை திருப்தியாக இருந்தால் ‘பாகுந்தி’ என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்க நாங்கள் உயிரை விடுவோம். அவர் சொல்லமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிவார்.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எந்த இரும்பையும் எந்த இரும்போடும் வெறுமே பூட்டக் கூடாது. பட்டையின் முன்பக்கம், பின்பக்கம், துளையின் உட்புறம் எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். போல்ட்டைக்கூட ரெட் ஆக்சைடு டப்பாவில் முக்கி எடுத்துத்தான் முடுக்குவோம். இடுக்கில் தண்ணீர் நின்றாலும் துருப்பிடிக்காது. எங்கள் பட்டறை லாரி பத்து வருஷம் ஓடினாலும் போல்ட் சுலபமாகக் கழலும் என்று அருப்புக்கோட்டைவரை பேர். என் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு ஏறியிருக்கும். பெண் பார்க்கப் போன அன்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் அங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் வரும். என் கையைப் பார்த்துவிட்டு, “வேலை பாக்குற கைதான் மாப்ள, மறைக்காதீய” என்றார். அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பிறகு துபாயில் நாலு வருஷம் படகுத் துறையில் டீசல் வேலை. அங்கிருந்து இங்கே. ரெட் ஆக்சைடும் கூடவே வந்தது. இங்கே ஒரு கடையில் அந்த டப்பாவைப் பார்த்தபோது ஊர்க்காரனைப் பார்த்தது போல இருந்தது. வாங்கி என் பெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மற்ற மெக்கானிக்குகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை.

3

அந்தப் பழைய படகுக்கு வருகிறேன். கால் படகோடு சேரும் இடத்தில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருக்கும். விரலால் மடிப்பை விரித்துப் பார்த்தேன். கிழிந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கிராஸ் துருவேறி இறுகியிருந்தது. ஷாஃப்ட்டில், தண்ணீரைத் தடுக்கும் சீல் உட்காரும் இடம் அம்மைத் தழும்பாக இருந்தது. விசிறிக்குப் பின்னால் பார்த்தால் தூண்டில் நரம்பு ஒரு கண்டு சுற்றிக்கொண்டு, அங்கிருந்த சீலையும் அறுத்திருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் போக வழி. சீல், துருத்தி, கிராஸ் எல்லாம் கடையில் கிடைக்கும். ஷாஃப்ட்டோடு கூடிய காலின் மேல்பாதி இப்போது வருவதில்லை, அந்த மாடலை நிறுத்தியே வெகுகாலமாகிறது.

“பின்னால் குப்பையில் அதே மாடல் ஒன்று கிடக்குமே, அதில் மேல்பாதி நன்றாக இருக்கும்” என்றார் பிரையன்.

கிடப்பது எனக்குத் தெரியாதா? ஷெட்டுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் நடந்து பழகியிருக்கிறேன்.

4

செல்வியின் அப்பா, என் மாமா, இங்கே வந்தது தொண்ணூறாம் வருஷம். வரவழைக்க நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் மலர் தாங்காது. திரும்பிப் போவார் என்பதற்குத் தூதரகத்தில் அத்தாட்சி கேட்டார்கள். கடை இருக்கிறது, மனைவி இருக்கிறாள் என்று எழுதினோம். கடைக்குப் படம் கேட்டார்கள். படத்தில் கடைவாசலில் எரிந்த மோட்டார்கள் குவிந்து கிடந்தன. இது பழைய இரும்புக் கடையா என்று விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க மதுரைக்கு மூன்று முறை போனார். ஆறு மாதத்துக்கு விசா முத்திரை விழுந்தது. செல்வி இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை இருக்கட்டும் என்று இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கும் படிவத்தையும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வந்த நாலாம் நாளே துணி துவைக்கும் இயந்திரத்தைப் பிரித்துவிட்டார். எங்கள் மகள் கவிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவரோடு கடைக்குப் போய், அவர் தமிழில் கேட்பதை ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொல்லி, பெரிய மனுஷி போல நடந்து வருவாள். அந்த ஐந்து மாதம் அவள் பேசிய தமிழை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் விட்டிருந்தால் யாரும் வெளியூர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் என் பெஞ்சுக்கு மட்டும் பூஜை போடுவதாகப் பிரையனிடம் சொல்லி, மாமாவையும் கவிதாவையும் கூட்டிப்போனேன். பொரி கிடைக்கவில்லை. காலையில் பாலில் போட்டுத் தின்கிற அரிசிப் பொரி டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டோம். அன்று சாயங்காலம் தண்ணீரில் இறக்க வேண்டிய படகு ஒன்று கட்டை மேல் நின்றது. அதன் காலை முந்தின வருஷமே முழுசாகப் பிரித்துப் பூட்டியவன் நான். மாமா அதைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார்.

“மாப்ள, இங்கன பூராம் பொரிஞ்சிருக்கு பாத்தீயளா? நகத்த வச்சா மாவாட்டம் உதிருது.”

“உப்புத் தண்ணில நிக்கிற சாமான் மாமா, அப்படித்தான் இருக்கும். நீங்க பொட்டு மட்டும் வையுங்க.”

சொல்லிவிட்டு வேறொரு படகை இறக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தக் கால் மினுமினுவென்று வெள்ளியாக நின்றது. ஊரில் பூஜைக்கு மோட்டார்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது போல, அலமாரியில் இருந்த சில்வர் பெயிண்டை எடுத்து, பொரிந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, இரண்டு பூச்சு அடித்திருந்தார். மேலே சந்தனம், குங்குமம். கவிதாவின் மூக்கில் சில்வர். நான் தள்ளி நின்று சிரித்துவிட்டு, நேரமாகிறது என்று படகை இறக்கினேன். கிட்டே போய்க் குனிந்து பார்க்கவில்லை.

5

இங்கே ஒரு விஷயத்தை விளங்கச் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும். அதனால் காலில் சோப்புக் கட்டி அளவில் துத்தநாகக் கட்டிகள் இரண்டைப் பூட்டி வைப்போம். தண்ணீர் முதலில் துத்தநாகத்தைத் தின்னும், அலுமினியத்தை விட்டுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை, கரைந்த கட்டியைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவோம். கட்டியின் மேல் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் அதைத் தொடாது, அலுமினியத்தில் வாய் வைத்துவிடும். பெயிண்ட் அடிக்காதே என்று அந்தக் கட்டியிலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

ஜனவரியில், இந்த நாட்டின் நல்ல கோடையில், அந்தப் படகின் சொந்தக்காரர் பேரப்பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு ஆற்று முகத்துக்குப் போனார். காலுக்குள்ளே கியர் இறுகி விசிறி நின்றுவிட்டது. அலை உடையும் இடம் அது. மீட்புப் படகு வந்து கயிறு போட்டு இழுத்து வருவதற்குள் சின்னப் பிள்ளை அழுது அழுது வாந்தியெடுத்துவிட்டது. படகைத் தூக்கிப் பார்த்தால் காலின் கீழ்ப்பாதியில் விரல் நுழையும் ஓட்டை. அலுமினியம் அரித்துப்போய், ஆயில் வெளியே, தண்ணீர் உள்ளே. இரண்டு துத்தநாகக் கட்டிகளும் சில்வர் பூசிக்கொண்டு புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தன.

பிரையன் கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்த நேரம் அது. வேலை போனால் என்ன ஆகும் என்ற பயம் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய் மாமாவையும் கவிதாவையும் காரில் ஏற்றி யார்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் காலுக்கு முன்னால் அவரை நிறுத்தி, எட்டுப் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க, தொண்டை கிழியக் கத்தினேன். “உங்கள யாரு அடிக்கச் சொன்னது? பொட்டு வையுங்கன்னு சொன்னேனா, பெயிண்ட் அடிங்கன்னு சொன்னேனா? இது என்ன கான்சாபுரத்துக் கிணத்து மோட்டாரா? ரெண்டு பிள்ளைக செத்திருக்கும்!”

மாமா ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், கவிதாவிடம், “ஏட்டி, உங்கப்பா மொதலாளிட்டச் சொல்லு. நாந்தான் செஞ்சேன். உங்கப்பாவுக்குத் தெரியாது. மன்னிச்சுக்கிடச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டு பிரையனைப் பார்த்துக் கும்பிட்டார்.

கவிதா ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது, இருந்தாலும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிரையன் முகம் சிவந்து, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே ஆபீசுக்குள் போய்விட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாத்தாவின் மன்னிப்பை மொழிபெயர்க்க வைத்தவன் நான். அதற்குப் பிறகு யாருக்காவது தமிழிலிருந்து சொல்லச் சொன்னால், எனக்குத் தமிழ் புரியாது என்பாள். முதலில் பிடிவாதத்துக்குச் சொன்னாள். பதினாலு வயதாகிறது, இப்போது உண்மையாகவே பாதிதான் புரிகிறது.

6

நீட்டிப்புப் படிவம் சாப்பாட்டு மேசை மேலேயே இருந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் செல்வி பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாள். மாமா கையெழுத்துப் போடவில்லை. “கடைய எம்புட்டு நாளைக்கு மத்தவன் கையில விடுறது? நான் போறேன் தாயி” என்று பிப்ரவரியில் கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உடம்பப் பாத்துக்கிடுங்க மாப்ள” என்றார். நான் சரி என்றேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போதும் கோபம் இருந்தது, நியாயமான கோபம் என்றும் நினைத்திருந்தேன்.

ஏப்ரலில் எங்கள் மகன் பிறந்தான். பிரசவத்துக்குத் துணையென்று செல்விக்கு யாரும் இல்லை. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பட்டறைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வருவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். இன்றுவரை அந்த யார்டுக்குள் அவள் கால் வைக்கவில்லை.

மறு வருஷம் கார்த்திகையில் மாமா மாரடைப்பில் போய்விட்டார். செல்வியின் தம்பி போனில் அழுதான். எங்கள் பாஸ்போர்ட்டில், வெளியே போனால் திரும்பி வர ஒரு முத்திரை வேண்டும். பாஸ்போர்ட்டோ குடியுரிமைக் காகிதங்களோடு வேறு ஊர் அலுவலகத்தில் கிடந்தது. ஓடினோம். அவசரம் என்பதற்கு ஆதாரமாக இறப்புச் சான்றிதழ் கேட்டாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண். எரித்த பிறகுதான் அந்தக் காகிதம் வரும், எரிப்பதற்கு முன் போகத்தான் முத்திரை கேட்கிறோம் என்று என் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவளும் நல்ல பெண்தான், வருத்தமாகத் தலையாட்டினாள். நடுவில் சனி, ஞாயிறு. செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது ஆறாம் நாள்.

7

புதன்கிழமை காலை அந்தச் செத்த காலைக் குப்பையிலிருந்து இழுத்து வந்து பெஞ்சில் ஏற்றினேன். சில்வர் பெயிண்ட் பல இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்பாதி தண்ணீருக்கு மேலே நின்ற பகுதி, அதனால் பழுதில்லை. அதைக் கீழ்ப்பாதியிலிருந்து பிரிக்க ஆறு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதில் ஒன்று துத்தநாகக் கட்டிக்கு உள்ளே மறைந்திருக்கும். கட்டியை எடுத்தால்தான் அது தெரியும். ஐந்து வருடம் முன்பு அந்தப் படகுக்கு வேறு கால் மாட்டிவிட்டதால் இதை யாரும் பிரிக்கவில்லை.

கட்டியைப் பிடித்திருந்த போல்ட் ஒரே திருகில் கழன்றுவிட்டது. உப்புத் தண்ணீரில் நின்ற போல்ட் அப்படிக் கழலவே கழலாது. வெளியே எடுத்துப் பார்த்தேன். மரை முழுக்கச் சிவப்பு.

கட்டியை நெம்பி எடுத்தேன். அது உட்கார்ந்திருந்த இடமும் சிவப்பு, கட்டியின் அடிப்பக்கமும் சிவப்பு. நல்ல ரெட் ஆக்சைடு, இரண்டு பூச்சு, பிரஷ் ஓடிய தடம்கூட அழியாமல் இருந்தது.

துத்தநாகம் வேலை செய்ய வேண்டுமானால் அதன் அடிப்பக்கம் அலுமினியத்தை வெறும் உலோகமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் அந்தக் கட்டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இது எனக்கு இப்போது தெரியும். அந்தக் காலைப் பூட்டிய வருஷம் தெரியாது. மேலே அடிக்காதே என்று அச்சடித்திருந்தார்கள், அடியில் அடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் கற்ற வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன். முன்பக்கம், பின்பக்கம், துளை, போல்ட்.

இரண்டாவது கட்டியைக் கழற்றாமல், மேலே இருந்த சில்வரைக் கத்தியால் சுரண்டினேன். உள்ளே துத்தநாகம் ஒரு பொட்டுக்கூடக் கரையாமல் பளபளத்தது. மீட்டரின் ஒரு முனையைக் கட்டியிலும் இன்னொன்றைக் காலிலும் வைத்தேன். தொடர்பு இருந்தால் கிணுகிணுவென்று சத்தம் போடும் மீட்டர் அது. சத்தம் வரவில்லை. முனையை அழுத்தி, இடம் மாற்றி, நாலைந்து முறை வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

மாமா பிரஷை எடுப்பதற்கு முழுசாக ஒரு வருஷம் முன்பே அந்தக் கட்டி செத்திருக்கிறது. அதனால்தான் அலுமினியம் பொரிந்திருக்கிறது. அந்தப் பொரிவைக் கண்ணால் பார்த்து என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர். அவரைத்தான் நான் அந்த ஓட்டைக்கு முன்னால் நிறுத்தினேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் கட்டியைச் சோதித்தபோது, கரையவே இல்லையே, நாம் பூட்டினால் பூட்டினதுதான் என்று நான் மனசுக்குள் பெருமைப்பட்டேன்.

பிரையனிடம் போய்ச் சொன்னேன். அந்தப் படகு, அந்த ஓட்டை, தப்பு என்னுடையது, என் மாமனாருடையது இல்லை என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “எந்தப் படகு?” என்றார். நான் விவரம் சொன்னேன். “ஓ, அதுவா. அது முடிந்துபோன கதை, விடு” என்று தோளில் தட்டினார். அந்தப் பெரியவர் தன்னைக் கும்பிட்டது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. எதற்கென்று மறந்துபோயிருந்தது.

அன்றும் மறுநாளும் அந்தப் பழைய படகை முடித்தேன். மேல்பாதியை மாற்றி, புது கிராஸ், புது துருத்தி, இரண்டு பக்கமும் சீல். கசிவு பார்க்கக் காற்றடித்து அரைமணி நேரம் வைத்தேன், அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. துத்தநாகம் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷால் வெள்ளி போலத் தேய்த்து, கட்டியைப் பூட்டி மீட்டரை வைத்தேன். உடனே சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் படகுக்கு மறைவாக நின்றேன்.

8

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் போல்ட்டைக் கொண்டுபோய் செல்வியின் முன்னால் மேசை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்தின்போது என் நகத்தில் இருந்த நிறம் அது, அவளுக்கா தெரியாது.

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?” என்றாள். கோபமாகக்கூட இல்லை. “நாளைக்கு அம்மாட்டச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே காலை நேரம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குப் போன் போட்டேன். கடையை இப்போது செல்வியின் தம்பி பார்க்கிறான். போன் அங்கேதான் இருக்கிறது. செல்வியின் அம்மா, என் அத்தையும் திதிக்காகக் கடைக்கு வந்திருந்தாள். மாமா படத்துக்கு மாலை போட்டாயிற்று என்றாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். துத்தநாகம், ரெட் ஆக்சைடு, மீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். காயில் கட்டுகிறவர் வீட்டுப் பெண், பாதிக்கு மேல் விளங்கிக்கொண்டாள்.

“அப்ப அவிய மேல தப்பு இல்லையா?”

“இல்ல அத்தை.”

“கொஞ்சங்கூட?”

“இல்ல.”

அத்தை ரிசீவரைக் காது மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “அங்கருந்து வந்த பொறவு ரெண்டு ஆயுத பூசை பாத்தாவ. ஒரு மோட்டாருக்குப் பெயிண்டு அடிக்கல. தம்பியை அடிக்கச் சொல்லிட்டு, அவிய வெளிய பெஞ்சில போயி உக்காந்துக்கிட்டாவ. நான் கேட்டதுக்கு, எங்கையால அடிச்சா பிள்ளைக உயிருக்கு ஆகாதுட்டின்னாவ.”

பக்கத்தில் நின்ற செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

“மாப்ள, இத எங்கிட்டச் சொல்லாதீய. அவிய படம் இந்தா போனுக்கு மேலதான் இருக்கு. ரிசீவர அங்கன பிடிச்சுக்கிடுதேன். நீங்களே சொல்லுங்க.”

ரிசீவர் சுவரில் உரசும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மாமா, அந்தக் கட்டிக்கு அடியில் சிவப்பு அடித்தது நான். நீங்கள் வருவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டேன். நீங்கள் பொரிந்திருக்கிறது என்று சொன்னீர்கள், நான் கேட்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அத்தை திரும்ப வந்தாள். “சொல்லிட்டீயளா?”

“சொல்லிட்டேன் அத்தை.”

“சத்தமாச் சொன்னீயளா மாப்ள? எனக்குக் கேக்கலையே. அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால சத்தமாத்தான பேசுனீயளாம்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. காது மந்தமானவரிடம் பேசுகிறவனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் இன்னொரு முறை பிடிக்கச் சொன்னேன். ரிசீவர் மறுபடி சுவரில் உரசியது. எழுந்து நின்று, அன்றைக்கு யார்டில் எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ அவ்வளவு சத்தமாக முதலிலிருந்து சொன்னேன். கவிதா தன் அறைக் கதவைத் திறந்து, அப்பா யாரைத் திட்டுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “திட்டல. தாத்தாட்ட மன்னிப்புக் கேக்காரு” என்றாள் செல்வி. கவிதாவுக்கு அது முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை.